மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு மெமரி கார்டு!

சென்னை கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் கடற்கரை இருக்காது. கடலைத் துறைமுகம் எடுத்துக்கொண்டு நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் மிச்சம். வெளியே வந்து ராஜாஜி சாலையைக் கடந்தால், ஒன்றோடொன்று தோள் இடித்து நிற்கும் சின்னச் சின்னக் கடைகள். அதுதான் பர்மா பஜார்.

பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-ல் தொடங்கியது இந்தக் கடைவீதி. வெளிநாட்டுப் பொருள் என்றால் நாக்கைத் தொங்கப்போட்ட காலத்தில் டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர், சென்ட் பாட்டில், கேமரா எல்லாம் இங்கேதான். இதில் வேடிக்கை, சுங்கத்துறை அலுவலகமும் இதே ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது. பின்பக்கத் தெருக்களில் மாலையானால் அத்தோ வண்டிகள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மேலே நொறுக்கிய தட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். சாப்பிடாமல் ரயில் ஏறக் கூடாது.

இப்போது இங்கே வரும் இளசுகளில் சிலர் கேட்பது புது மொபைல் அல்ல. அவர்கள் பள்ளிக்கூடத்தில் கால் வைப்பதற்கு முன்பே வெளிவந்த குட்டி டிஜிட்டல் கேமராக்களை. 'டிஜிகேம்' என்று செல்லப் பெயர். அந்தப் பளிச் ஃப்ளாஷ், கொஞ்சம் வெளிறிய முகம், கொஞ்சம் தூக்கலான சிவப்பு... இன்ஸ்டாகிராமில் அதற்குத் தனி மவுசு. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம். 2023-ல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் காணாமல்போன அந்தக் கோடிக்கணக்கான கேமராக்கள் எங்கே? வீட்டு பீரோக்களில், மேஜை இழுப்பறைகளில், இப்படிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில்.

தாம்பரத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் சனிக்கிழமை காலை மின்சார ரயிலில் இங்கே வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் வகுப்போடு ஹம்பி டூர். அவளுக்கு ஒரு டிஜிகேம் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான்: லேப்டாப் தூக்கிக்கொண்டு போக முடியாது, பகலில் எடுக்கும் படத்தை ராத்திரி லாட்ஜிலேயே மொபைலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்பாவின் சட்டைப்பையிலோ விபூதி மடிக்கிற மாதிரி மடித்த ஒரு காகிதம். உள்ளே தபால்தலை அளவில் ஒரு கார்டு. பழைய கேமரா செத்துப்போய்ப் பல வருடம். கார்டில் அவருடைய அம்மா இருக்கிறார்.

கடைக்காரர் மூன்று கேமராக்களை எடுத்து வைக்கிறார். ஒரு சோனி, ஒரு ஒலிம்பஸ், ஒரு கேனான். மகள் ஒலிம்பஸைத்தான் எடுக்கிறாள். பார்க்க அழகு, விலையும் அதுதான் குறைவு.

"எடுத்துக்கோமா, சூப்பரா வேலை செய்யும். கார்டு மட்டும் நீங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல பாத்துக்கணும்."

அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது. அழகும் விலையும் பார்த்துக் கேமராவை வாங்கிவிட்டுக் கார்டைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். போக வேண்டிய வழி அதற்கு நேர் எதிர். முதலில் கையில் இருக்கும் கருவி எந்தக் கார்டைப் படிக்கும் என்று பார்க்க வேண்டும். அந்தக் கார்டு எந்தக் கேமராவில் நுழையும் என்பது அடுத்த கேள்வி. மெகாபிக்ஸல், ஜூம், நிறம் எல்லாம் அதற்கும் பிறகு.

பாம் பைலட் காலத்துப் பஞ்சாயத்து

இது இன்று முளைத்த தலைவலி அல்ல. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பை நிறைய பணம் உள்ளவர்கள் சட்டைப்பையில் ஒரு கையடக்கக் கணினி வைத்திருந்தார்கள். சின்னத் திரை, குச்சி மாதிரி ஒரு பேனா, முகவரிப் புத்தகம், நாள்காட்டி. 1996-ல் வந்த பாம் பைலட் இதைப் பிரபலமாக்கியது. வெளியூர்ப் பயணத்தில் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைப் பார்க்கவும் இடம் மாற்றி வைக்கவும் இந்தக் குட்டிக் கணினி போதுமே என்று ஆசைப்பட்டவர்களுக்கு அப்போதே இதே பஞ்சாயத்து ஆரம்பித்தது. காரணம், ஆளுக்கொரு கார்டு.

1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்தது காம்பாக்ட் ஃப்ளாஷ். தீப்பெட்டி அகலம், பட்டையான உடம்பு, உள்ளே 50 ஊசிகள். அடுத்த ஆண்டே தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா. அட்டை மாதிரி மெலிசு, ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 1998-ல் சோனி தனக்கென்று மெமரி ஸ்டிக் செய்துகொண்டது, சூயிங்கம் வடிவத்தில். 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூவரும் கைகோத்து அறிவித்தது எஸ்டி கார்டு. இது போதாதென்று 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து எக்ஸ்டி என்று இன்னொன்றை இறக்கின. சின்னஞ்சிறு சதுரம். அப்பாவின் காகித மடிப்பில் இருப்பது அதுதான்.

கையடக்கக் கணினிகளும் இதே மாதிரி அணி பிரிந்தன. சோனியின் கிளியே வைத்திருந்தவருக்கு மெமரி ஸ்டிக்தான். அதனால் அவர் சோனி கேமரா வாங்கினால் நிம்மதி. கேமராவிலிருந்து உருவி கிளியேயில் செருகினால் படம் வந்துவிடும். எச்.பி.யின் ஜோர்னடாவில் காம்பாக்ட் ஃப்ளாஷ். காம்பாக்கின் ஐபேக்குக்குக் கார்டு செருக முதுகில் தனியாக ஒரு சட்டை மாட்ட வேண்டியிருந்தது. 2001-ல் வந்த பாம் எம்505-ல் எஸ்டி. அதன் திரை எவ்வளவு தெரியுமா? 160-க்கு 160 புள்ளிகள். 20 லட்சம் புள்ளிகள் உள்ள படத்தை அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்! பார்த்து சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர். ஏழை மக்களுக்கான கையடக்கக் கணினி என்று பேசப்பட்டது. 2004-ல் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. அதில் ஸ்மார்ட் கார்டு செருகும் இடம் உண்டு. ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கொரு கார்டு வைத்துக்கொண்டால் போதும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். கருவிதான் பெரிதாக விற்கவில்லை.

கையடக்கக் கணினி என்ற சொல்லே இன்று வழக்கொழிந்துவிட்டது. அந்த வேலை முழுவதையும் மொபைல் வாங்கிக்கொண்டது. ஆனால், ஹம்பி லாட்ஜில் உட்கார்ந்து 'கேமராவில் இருக்கும் படம் கையில் இருக்கும் கருவிக்குள் வருமா' என்று கேட்கப்போகும் பெண்ணின் கேள்விக்கும், 2001-ல் கிளியேயும் கையுமாக நின்றவரின் கேள்விக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

மூன்றில் எது?

மறுபடி கண்ணாடிப் பெட்டி மேல் இருக்கும் மூன்று கேமராக்களுக்கு வருவோம்.

ஒலிம்பஸ், ஃபியூஜி இரண்டிலும் 2002-லிருந்து சுமார் ஏழெட்டு வருடங்களுக்கு வந்த குட்டி கேமராக்களில் பெரும்பாலும் எக்ஸ்டி கார்டுதான். அதன் உச்ச அளவே 2 ஜிபி. இப்போது யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பழசைத் தேடி வாங்கினால் கேமராவில் பாதி விலையைக் கார்டே கேட்கும். அதைப் படிக்கும் ரீடரும் லேசில் கிடைக்காது. அதற்கும் முந்தைய ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் ஸ்மார்ட் மீடியா. அதன் உச்சம் 128 எம்பி. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சோனியில் 2010-க்கு முன்பு வந்தவற்றுக்கு மெமரி ஸ்டிக். அந்த ஆண்டில்தான் சோனியும் வீம்பை விட்டு எஸ்டி கார்டையும் ஏற்றுக்கொண்டது. பழைய சோனிக்கும் ஒரு வழி உண்டு. அது 'ப்ரோ டுவோ' வகை என்றால், மொபைலில் போடும் மைக்ரோ எஸ்டி கார்டை உள்ளே வைத்துக்கொள்ளும் அடாப்டர் கிடைக்கிறது. பெரும்பாலும் வேலை செய்கிறது. கேமராவைக் காசு கொடுத்து வாங்கும் முன் அந்த அடாப்டரோடு பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கேனானும் நிக்கானும் ஆரம்பத்தில் காம்பாக்ட் ஃப்ளாஷ் பக்கம் இருந்து, பிறகு குட்டி கேமராக்களில் எஸ்டிக்கு வந்தவை. கோடக் ஈஸிஷேரில் எஸ்டி. மகளுக்கு ஏற்றது இந்த வரிசைதான். ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நிறைய பேர் விழுவது இதில்தான்.

எஸ்டி கார்டு பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே மூன்று தலைமுறை. முதல் தலைமுறை 2 ஜிபி வரை. 2006-ல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009-ல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல். புதிய கருவி பழைய கார்டைப் படிக்கும். பழைய கருவி புதிய கார்டைப் படிக்காது. 2005-ல் செய்த கேமராவில் 32 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு எரர்' என்று திரையில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். கேமரா கெட்டுப்போகவில்லை, கார்டும் கெட்டுப்போகவில்லை; இரண்டுக்கும் பாஷை ஒத்துவரவில்லை. அந்த வயதுக் கேமராவுக்கு 2 ஜிபி கார்டுதான் வேண்டும். இன்று கடைகளில் 2 ஜிபி கார்டு தேடுவது நாலணா சில்லறை தேடுவது மாதிரி.

கண்டுபிடிப்பது எப்படி? கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்தால் கார்டு செருகும் இடத்தில் குறி அச்சிட்டிருக்கும். எஸ்டி என்பதற்குக் கீழே எச்சி என்ற எழுத்துகள் இருந்தால் 32 ஜிபி வரை கவலையில்லை. மொட்டையாக எஸ்டி மட்டும் இருந்தால் கேமராவின் மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

நம் கதையில் வரும் கேனானில் எச்சி இருக்கிறது. மகளுக்கு ஒலிம்பஸ் மேல் இருக்கும் கண் இன்னும் போகவில்லை. அப்பா கடைக்காரரிடம், "சாயங்காலம் வர்றோம். கார்டு கையில வந்ததும் வாங்கிக்கிறோம்" என்கிறார். கடைக்காரர் முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

கடற்கரை, கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை

கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சிந்தாதிரிப்பேட்டை. கோட்டையைத் தாண்டுவது தெரியும், கூவத்தைத் தாண்டுவதை மூக்கு சொல்லும். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் வாயில் புரண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆனது. 1734-ல் கவர்னர் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். நூல் போய், ஒயர் வந்திருக்கிறது.

ரிச்சி தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பலாம். ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. பக்கத்தில் கேசினோ தியேட்டர். ரேடியோ உதிரிப் பாகங்களில் ஆரம்பித்த வியாபாரம் டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி, மொபைல் என்று வளர்ந்து, டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் சந்தையாகிவிட்டது.

சாலை முழுக்க பைக். பைக்குகளுக்கு நடுவே ஆள். ஆளுக்கு நடுவே தலையில் அட்டைப்பெட்டி. "என்ன வேணும் சார்? டிஸ்ப்ளேவா, பேட்டரியா, கேமராவா?" என்று கூப்பிட்டுக்கொண்டே கூட நடப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் போவது முதல் பாடம். சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிய பாகங்கள் அடுக்கிய டப்பாக்கள், ஒரு ஸ்டூலில் சூடான சால்டரிங் அயர்ன், அதன் புகை, பக்கத்திலேயே டீ கிளாஸ். ஒரு ஆள் நிற்கவே இடமில்லாத கடையில் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்.

மகளுக்கு வேண்டியது எளிது. 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, அதை எஸ்டி ஆக்கும் பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்று. அடாப்டரோடு கேமராவில், அடாப்டரைக் கழற்றினால் நேராக மொபைலில். மொபைலில் கார்டு செருகும் இடம் இருந்தால் இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. 64 ஜிபியும் அதே விலைக்குப் பக்கத்தில்தானே என்று ஆசைப்பட வேண்டாம். அந்தக் கேமரா அதைப் படிக்காது. இன்னொன்று: கார்டை முதன்முறை போட்டதும் சில மொபைல்கள் 'இதை போனின் உள்நினைவகமாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சரி என்றால் கார்டில் இருப்பது அழிவதோடு, அந்த மொபைலைத் தவிர வேறு எதுவும் படிக்காதபடி அது பூட்டிக்கொள்ளும்.

மொபைலில் அந்த இடமே இல்லை என்றால்? விலை அதிகமான போன்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் என்றுமே இருந்ததில்லை. அப்போது டைப்-சி ரீடர் வேண்டும். கட்டைவிரல் அளவுதான். வாங்கும்போது கடையிலேயே சொந்த போனில் செருகி, ஒரு படத்தை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். சில போன்களில் 'ஓடிஜி' என்ற வசதியை செட்டிங்ஸில் போய் இயக்கினால்தான் ரீடர் உயிர்பெறும். ரீடர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்தான் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

கார்டில்தான் கலப்படம் அதிகம். மேலே 512 ஜிபி என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 8 ஜிபி. போனில் செருகினால் போனும் 512 என்றே காட்டும், ஏனென்றால் அப்படிச் சொல்லும்படி கார்டுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 8 ஜிபி நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் இருக்கிற மாதிரியே இருந்து, திறந்தால் வராது. டூர் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கார்டை முழுக்க எழுதி நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பது நல்லது. நம்ப முடியாத விலை என்றால் நம்பவே வேண்டாம். ஜிஎஸ்டி பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

மகளின் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்பா இப்போதுதான் காகிதத்தைப் பிரிக்கிறார்.

எக்ஸ்டி என்றதும் முதல் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது கடையில், "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்." நாலாவது கடையில் ஒரு பெரியவர் மேஜைக்குக் கீழே குனிந்து, ஒயர் குவியலுக்குள் கையை விட்டு, மஞ்சள் பூத்த பழைய ஆல்-இன்-ஒன் ரீடர் ஒன்றை இழுக்கிறார். நாலைந்து வாய் உள்ள ரீடர்; அதில் ஒரு வாய் எக்ஸ்டிக்கு.

மகளுக்கு அவசரம். ரீடரை வாங்கி ஓடிஜி ஒயரில் கோத்துத் தன் மொபைலில் செருகிவிடுகிறாள். ஐந்து நொடி எதுவும் இல்லை. பிறகு திரையில் ஒரு பெட்டி: இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும். கீழே நீல நிறத்தில் பெரிய பட்டன்.

"தொடாதம்மா!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அந்த பட்டனை அழுத்தியிருந்தால் அவ்வளவுதான். உதவி செய்வதுபோலக் கேட்கும் அந்தக் கேள்வியில் தொலைந்துபோன குடும்பப் படங்களுக்குக் கணக்கே இருக்காது. போனுக்கு அந்தப் பழைய கார்டின் அமைப்பு புரியவில்லை என்பதாலோ, போதிய மின்சாரம் ரீடருக்குப் போகவில்லை என்பதாலோகூட அந்தப் பெட்டி வரலாம். கார்டு காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரியவர் ரீடரை உருவித் தன் கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்.

ஒருவேளை தவறிப்போய் ஃபார்மேட் ஆகிவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அழிவது படங்களின் அட்டவணைதான். படங்கள் அடியில் இருக்கும். அதன் பிறகு அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் இருந்தால், மீட்கும் மென்பொருள் கொண்டு பெரும்பகுதியைத் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டு. காலம்தான் பெரிய எதிரி. இந்தக் கார்டுகளில் படம் இருப்பது நுண்ணிய மின்னூட்டமாக. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கார்டு, பிரிட்ஜில் மறந்துவைத்த பால் மாதிரி.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு மஞ்சள் உறை தோன்றுகிறது. டிசிஐஎம் என்று பெயர். மகள், "அட, இது என் போன்லயும் இருக்குல்ல?" என்கிறாள். இருக்கிறது. கார்டு விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள், கார்டுக்குள் படத்தை எந்தப் பெயரில் எங்கே வைப்பது என்பதில் மட்டும் 1998-ல் ஒரு விதியை ஒப்புக்கொண்டன. டிசிஐஎம் என்று ஓர் உறை, அதற்குள் 100-ல் தொடங்கும் உறைகள், அதற்குள் நாலு எழுத்தும் நாலு எண்ணுமாகப் படங்கள். அந்த ஏற்பாடு கேமராவைத் தாண்டி மொபைலுக்கும் வந்து, இன்றைக்கும் நம் கேலரிக்குப் பின்னால் அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்டி போய்விட்டது, கிளியே போய்விட்டது, பாம் போய்விட்டது. உறையின் பெயர் போகவில்லை.

திறந்தால், 61 படங்கள். பெரியவர் எல்லாவற்றையும் முதலில் தன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கிறார், பிறகு மகள் வாங்கிய புதிய கார்டுக்கு. "வீட்டுக்குப் போனதும் இன்னொரு எடத்துலயும் போட்டு வெச்சிடுங்க சார்." நான்கு படங்கள் பாதி வரை வந்து, கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக நிற்கின்றன. அதில் ஒன்று காதுகுத்து. மாமா மடியில் குழந்தை. தலைக்கு மேல் பாட்டியின் கை. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

பர்மா பஜாருக்குத் திரும்பிக் கேனானை வாங்கிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. நாளை ஞாயிறு; இங்கே ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். அங்கே ஒலிம்பஸ் இன்னும் விற்காமல்தான் இருக்கும். எக்ஸ்டி கார்டும் ரீடரும் கிடைக்கும் கடை இப்போது தெரியும். மகள் அதைச் சொல்லிப் பார்க்கிறாள். "ஹம்பியில இந்தத் தாத்தா இருப்பாராடி?" என்கிறார் அப்பா. கேனான்தான்.

மூன்று ஸ்டேஷன் தூரத்துக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது. மகள் புதிய கார்டை மொபைலில் போட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே வருகிறாள். பேட்டரியை மாற்றும்போதெல்லாம் பழைய கேமராவின் கடிகாரம் ஆரம்பத்துக்கே போய்விட்டிருக்கிறது. யாரும் தேதியைச் சரிசெய்யவில்லை. அதனால் கேலரியின் கணக்குப்படி பாட்டி எல்லாவற்றையும் 2005 ஜனவரி 1-ம் தேதி ஒரே நாளில் செய்து முடித்திருக்கிறார். பொங்கல் பானை, மாமல்லபுரம், காதுகுத்து, ஆஸ்பத்திரிக் கட்டில், மறுபடி பொங்கல் பானை.

"இது முதல் பொங்கல். வீட்டுக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கல பாரு. அத முன்னாடி வை" என்று அப்பா ஒவ்வொன்றாக வரிசை சொல்கிறார்.